பச்சைத் தோடு ஆடுகளுக்கு ஒரு துஆ

அத்தியாயம் பதினெட்டு

நிலாவெளிச் சந்தியில் பஸ் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் பிரசாந்தினியின் கண்ணில் பட்டது ஓர் ஆடு.

வேலிக் கட்டையில் கட்டியிருந்தார்கள். காதில் பச்சைத் தோடு. தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டி, கோழிமுட்டை அளவுக்கு வீக்கம்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய இடம் கடதாசி போல வெளுத்திருந்தது. படம் எடுத்து, ஒரே வரியோடு அனுப்பினாள்: ‘டொக்டர், இது எங்கட ஆடு.’

அது ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன். மூன்று நாட்களாக டொக்டர் நஸ்ரியா அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பதும் போனை மூடி வைப்பதுமாக இருந்தாள்.

இருபத்திரண்டு வருடங்களை அவள் ஒரு புழுவுக்குக் கொடுத்திருந்தாள். ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும், ஓர் அங்குலம்கூட வராத புழு. மாரி மழை விழுந்ததும் புல்லில் ஏறும். தை பிறப்பதற்குள் பட்டி பட்டியாக ஆடுகள் சரியும். அந்தப் புழுவின் குடலிலிருந்தே ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக ஏற்றினால், ஆட்டின் இரத்தத்தைக் குடிக்கக் குடிக்கப் புழு மெலிந்து சாகும் என்பது அவளுடைய நம்பிக்கை.

முதல் மருந்து தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதை ஐப்பசியில், இறக்கக்கண்டியில் தம்பி முனீப்பின் பட்டியில் நின்ற நாற்பது ஆடுகளில் பரீட்சித்தாள். இருபதுக்குப் பச்சைத் தோடு, இருபதுக்கு மஞ்சள். ஒரு நிறத்துக்கு ஊசியில் மருந்து. மற்ற நிறத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது எதற்கு என்று ஆடு மேய்க்கும் முனீப்புக்கும் தெரியக்கூடாது, புழுக்கையைக் கரைத்துப் புழுமுட்டை எண்ணும் மாணவி பிரசாந்தினிக்கும் தெரியக்கூடாது. மருந்தைக் கலக்கிய நஸ்ரியாவுக்கு மட்டுமே தெரியும்.

மாசியில் இரகசியத்தைத் திறந்தபோது, மருந்து போன பச்சை வென்றிருந்தது.

இன்று பின்னேரம் மூன்று மணிக்குத் திருகோணமலையில் நிபுணர் குழு கூடுகிறது. தலைவர் கையெழுத்து வைத்தால், வரும் மாரிக்கு முன் மூவாயிரம் ஆடுகளுக்கு இந்த ஊசி போடப்படும். ஊசி போட்ட ஆட்டுக்கு எவரும் பூச்சி மருந்து வாங்கப்போவதில்லை. ஊசி பொய்த்தால் அந்த மூவாயிரத்துக்கும் வேறு காவல் கிடையாது.

நிலாவெளியில் வெளுத்து நின்றது பச்சைத் தோடு போட்ட ஆடு.

*

காலை எட்டரைக்கு இறக்கக்கண்டிப் பட்டியின் படலையைத் திறந்த நஸ்ரியா, வீட்டுக்குள் போகாமல் ஆடுகளை எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள்.

"வாங்க ராத்தா!" கையில் சுத்தியலோடு முனீப் வந்தான். "உம்மா விடிஞ்சதில இருந்து உடுப்பு மாத்தி மாத்திப் பாக்கிறா. நீங்க டீவியில வரப்போறீங்க எண்டு ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"பட்டியில எத்தின ஆடு?"

"நாப்பது."

"முப்பத்தெட்டு."

முனீப் திரும்பி மனைவியைப் பார்த்தான். குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற பல்கீஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்களன். படிச்ச மனிசி எண்ணிப் பாப்பா எண்டு நான் அப்பவே சொல்லல்லயா?"

"நீதானே கேட்ட, உன்ட தங்கச்சி புள்ள பெத்திரிக்கா, ஏதும் குடுக்கணும் எண்டு!"

"நான் கேட்டது கோழி!"

நஸ்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்ப குடுத்த?"

"கார்த்திகையில. நீங்க ஊசி போட்டு ரெண்டு கிழமைக்குப் பிறகு. நிலாவெளிக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாப்பது பை புழுக்கை பஸ்ஸில அனுப்பினயே, அது?"

முனீப் தலையைச் சொறிந்தான். "அந்த ரெண்டு பைக்கும் பக்கத்தில நிண்ட ஆட்டுடய போட்டன். புழுக்கை புழுக்கைதானே ராத்தா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஆனால் இப்போது அதுவல்ல கேள்வி. ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்ட இருபது ஆடுகள். பட்டியைவிட்டுப் போன இரண்டு பச்சைகளில் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. இங்கே நிற்கும் பதினெட்டும் மினுமினுவென்று துள்ளுகின்றன. பக்கத்தில் நின்ற பச்சையொன்றைப் பிடித்து இமையை இழுத்தாள். செக்கச் சிவப்பு.

"நிலாவெளி ஆடு சாகக் கிடக்கு. இதுகளுக்குப் பூச்சி மருந்து குடுத்தயா?"

"இல்ல."

"உண்மையச் சொல்லு முனீப்!"

"அல்லாஹ்மேல சத்தியமா இல்ல."

"சத்தியம் வேறயா? பள்ளிக்கூடத்துக்குப் போறன் எண்டு தோணியில போய்ப் படுத்த நாள்ல இருந்து உன்ட வாயில ஒரு உண்மை வந்திரிக்கா? ரெண்டு ஆட்டைக் குடுத்திட்டு, புழுக்கைய மாத்தினவன், மருந்து குடுக்க மாட்டயா? என்ட இருபத்திரண்டு வருசத்த ஆட்டுப் பட்டியில போட்டு மிதிச்சிட்டயே!"

முனீப் சுத்தியலைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் கேட்டான்.

"என்ட பொஞ்சாதிக்கு முன்னால கதைக்கிற கதையா ராத்தா இது?"

பல்கீஸ் குனிந்து, எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வாளியை எடுத்துக்கொண்டு அப்பால் போனாள்.

"அவன ஏசாத மகள்."

உம்மா வாசலில் நின்றார். நபீஸாவுக்கு எழுபத்தொரு வயது. புது அபாயாவின் மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை. முகமெல்லாம் மலர்ச்சி.

"நான்தான் குடுத்தன்."

விருந்தாளியின் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்ததைச் சொல்கிறவர் போலத்தான் சொன்னார்.

"எத உம்மா?"

"பூச்சிக் குளிசை. கதலிப்பழத்துக்குள்ள வெச்சுக் குடுத்தா அதுகளுக்குத் தெரியுமா? கிளினிக்குக்குப் போற நாள்ல எனக்குப் பிரஷர் குளிசை எடுத்திட்டு, வாற வழியில அதுகளுக்கும் வாங்கிட்டு வாறது. மாசத்தில ஒரு தரம். பச்சைக்கு மட்டும்தான். மஞ்சள் வந்து கைய நக்கிச்சு, பாவமாத்தான் இருந்த. துரத்திட்டன்."

"பச்சைக்கு மட்டும் குடுக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்ன?"

உம்மா அவளை வியப்போடு பார்த்தார்.

"நீதானே."

நஸ்ரியாவுக்கு ஞாபகம் வந்தது. ஊசி போட்ட மறுநாள், ஆய்வுகூடத்திலிருந்து எடுத்த அழைப்பு. ‘உம்மா, எனக்காக துஆ செய்யுங்க.’ ‘என்னத்துக்கு எண்டு சொல்லு மகள். மொட்டையா எப்படிக் கேக்கிற? ரப்புகிட்டக் கேட்டா விபரமாக் கேக்கணும்.’ ‘பச்சைத் தோடு போட்ட ஆடுகளுக்குக் கேளுங்க. அதுகளுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு கேளுங்க.’

அவ்வளவுதான். தம்பியிடம் மறைத்தாள். மாணவியிடம் மறைத்தாள். தாளை உறையிலிட்டு அரக்கு வைத்து அலுமாரியில் பூட்டினாள். இறைவனிடம் கேட்கும் துஆவுக்காகச் சொன்னதை, ஒருவரிடம் சொன்னதாக அவள் எண்ணவே இல்லை.

"அஞ்சு நேரமும் கேட்டன்," உம்மா சொல்லிக்கொண்டே போனார். "ஆனா கேட்டுப்போட்டுக் கையக் கட்டிட்டு இருக்க எனக்கு மனம் விடல்ல. ரெண்டு தரம் தோத்து வந்து அந்த அறையில சுவரைப் பாத்துக்கிட்டு படுத்துக் கிடந்தயே. மூணாந்தரமும் அதப் பாக்க எனக்கு ஏலா. நீ பெரிய பெரிய வேலை செய்ற. என்னால ஏலுமான உதவி அதுதான்."

பல்கீஸ் வாளியோடு திரும்பி வந்திருந்தாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அப்ப மதினி, ஊசி வேலை செய்யல்லயா?" என்றாள்.

அந்தக் கேள்வி உம்மாவுக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது. முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"நான் பிழை ஏதும் செஞ்சிட்டனா மகள்?"

"இல்ல உம்மா."

"அந்த நிலாவெளி ஆட்டுக்கு மருந்து குடுத்தயா?"

மூன்று நாட்களாக நஸ்ரியா அந்த ஆட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாள். அதற்கு ஒரு குளிசை கொடுக்க வேண்டுமென்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

உம்மா அபாயாவின் பைக்குள் கையை விட்டு குளிசை பொதிந்த ஒரு கடதாசிச் சுருளை எடுத்து முனீப்பிடம் நீட்டினார். "போற வழியில இறங்கி ரெண்டுக்கும் குடுப்பம். என்னையும் கூட்டத்துக்கு ஏத்திட்டுப் போ."

"உம்மா, இண்டைக்கு நீங்க வராட்டியும் பரவால்ல," என்றாள் நஸ்ரியா அவசரமாக.

"ஏன்? என்னக் கண்டா வெக்கமா?"

"இல்ல. வாங்க."

வாகனத்தில் ஏறியபிறகுதான், முனீப்பிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டியபடி த்ரீவீலரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

*

பதினொரு மணிக்கு ஆய்வுகூடத்தின் கதவைச் சாத்திவிட்டு, நஸ்ரியா தையில் கைக்கு வந்த தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள்.

வாரா வாரம் எண்ணிய முட்டைக் கணக்கு, பிரசாந்தினியின் சின்னச் சின்ன எழுத்தில். பச்சை ஆடுகளின் முட்டை எண்ணிக்கை ஏறுகிறது, ஏறுகிறது, திடீரென்று ஒரே வாரத்தில் தொப்பென்று விழுகிறது. மறுபடி ஏறுகிறது. சரியாக ஒரு மாதத்தில் மறுபடி விழுகிறது. மூன்று தரம்.

தடுப்பூசி அப்படிச் செய்யாது. அது மெல்ல மெல்லத்தான் அடக்கும். ஒரே வாரத்தில், எல்லா ஆட்டுக்கும் ஒன்றாக விழுந்தால் அது குளிசை. முதலாம் வருட மாணவனுக்கு அவளே கரும்பலகையில் கீறிக் காட்டும் படம் அது.

தையில் இந்தத் தாள்கள் கைக்கு வந்த அன்றே அவளுக்குத் தெரிந்திருந்தது. யார், எப்படி என்பது தெரியாது. ஏதோ பிழை என்பது தெரியும்.

அன்று அவள் செய்தது இதுதான்: நாலு வாரங்களைக் கூட்டி நாலால் வகுத்தாள். வாரக் கணக்கு மாதச் சராசரியானது. மூன்று பள்ளங்களும் மறைந்து, பச்சைக் கோடு அழகாகச் சாய்ந்து இறங்கியது. அந்தக் கோட்டைத்தான் ஆய்வுக் கட்டுரையில் போட்டாள். அந்தக் கோட்டைத்தான் இன்று திரையில் காட்டப்போகிறாள்.

உம்மா தெரியாமல் செய்தார். அவள்?

கதவு தட்டுப்பட்டது. அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த களைப்போடு பிரசாந்தினி உள்ளே வந்தாள். இருபத்தேழு வயது. இந்த நாற்பது ஆடுகள்தான் அவளுடைய கலாநிதிப் பட்டம். ஆய்வேட்டைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அம்மா கமலாதேவி இப்போதே ஒழுங்கை முழுக்க வீடு வீடாக ‘என்ட மகள் கலாநிதி’ என்று சொல்லித் திரிகிறார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா டொக்டர்?"

நஸ்ரியா சொன்னாள். துஆ, கதலிப்பழம், கிளினிக் நாள் எல்லாம் சொன்னாள்.

பிரசாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கதலிப்பழத்துக்குள்ளயோ? ஐயோ, அந்த மனிசி!" சிரித்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபின் சிரிக்கவில்லை. "அப்ப என்ட ஆய்வேடு?"

"ஒப்படைக்க ஏலா."

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் இழுவைப் படகுக்காகக் காத்து நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டத்தில சொல்லுவீங்களா?"

"சொல்லத்தான் வேணும்."

"என்னத்தைச் சொல்லுவீங்கள்?"

"உம்மா மருந்து குடுத்தத."

பிரசாந்தினியின் பார்வை மேசையில் பரப்பியிருந்த தாள்களில் இறங்கியது. தன்னுடைய எழுத்து. தை மாதம்.

"அவ்வளவும்தானே?" என்று கேட்டாள்.

"அவ்வளவும்தான்," என்று நஸ்ரியா தாள்களை ஒன்றாக அடுக்கினாள்.

*

மண்டபத்து வாசலில் ஒரு புள்ளிமான் யாரோ எறிந்த சாப்பாட்டுப் பெட்டியை மென்றுகொண்டிருந்தது. முனீப் ஹோர்ன் அடித்தும் அது நகரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் உம்மா உள்ளே வந்து, முதல் வரிசையில், நடுக் கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் முனீப். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.

நாற்பது ஐம்பது பேர். மூதூரிலிருந்து ஆடு வளர்க்கும் பெண்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். மேடையில் குழுத் தலைவர் சின்னராசா, ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். முன்னால் கையெழுத்துக்குக் காத்திருக்கும் தாள்.

நஸ்ரியா திரையில் எதையும் காட்டவில்லை. ஒலிவாங்கியை மட்டும் பிடித்தாள்.

"இந்தப் பரீட்சை செல்லாது. தடுப்பூசி போட்ட ஆடுகளுக்கு மாதா மாதம் பூச்சி மருந்தும் கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்த ஆட்டுக்குத் தடுப்பூசி என்ற இரகசியத்தை நான் வெளியே சொல்லிவிட்டேன். அது என்னுடைய பிழை."

மண்டபம் சலசலத்தது. சின்னராசா முன்னால் சாய்ந்தார். "ஆருக்குச் சொன்னீங்கள் டொக்டர்? மருந்து குடுத்தது ஆர்?"

நஸ்ரியா வாய் திறக்குமுன் முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை கை உயர்த்துவது போல.

"நான்தான் ஐயா. உம்மா."

"என்ன குடுத்தீங்கள் அம்மா?"

"பூச்சிக் குளிசை. கதலிப்பழத்தில வெச்சு."

பின்வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. "அப்ப டொக்டர்ட ஊசியைவிட உம்மாட வாழைப்பழம்தான் திறம்!" என்றது ஒரு குரல். மூதூர்ப் பெண்களும் சிரித்தார்கள். உம்மாவும், எல்லோரும் சிரிப்பதால், கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். பிறகு அது எந்தச் சிரிப்பு என்று விளங்கியிருக்க வேண்டும். உயர்த்திய கையை இறக்கி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டார்.

முனீப் இப்போது மின்விசிறியைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தான்.

சின்னராசா கையைத் தட்டி அமைதியாக்கினார். "சிரிக்கிற விசயமில்லை. இருபத்திரண்டு வருச உழைப்பை இப்பிடி எழும்பி நிண்டு செல்லாது எண்டு சொல்ல எத்தினை பேருக்கு நெஞ்சு வரும்? வயசுபோன ஒரு தாயிட அறியாமையால வந்த பிழை. டொக்டர்ட நேர்மையை நாங்கள் பாராட்ட வேணும். அடுத்த மாரியில புதுப் பட்டியில திருப்பிச் செய்வம். குழுவில இருந்து அதுக்கு ஒத்துழைப்பு இருக்கும்."

கைதட்டினார்கள். எழுந்து நின்றும் சிலர் தட்டினார்கள்.

நஸ்ரியா அந்தக் கைதட்டலுக்குள் நின்றாள். எல்லாம் முடிந்துவிட்டது. பெயர் தப்பியது. இன்னொரு மாரி கிடைத்தது. ‘ஒரு தாயின் அறியாமை’ என்று குழுவின் அறிக்கையில் ஒரு வரி விழும். அதற்குக் கீழே அவள் சுத்தமாக நிற்பாள்.

முதல் வரிசையில் உம்மா மடியில் கையைக் கோத்துக் குனிந்திருந்தார். காலையில் ‘என்னக் கண்டா வெக்கமா’ என்று கேட்டவர், இப்போது தன்னைக் கண்டே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, ஏதோ சொல்லி, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நஸ்ரியாவுக்குக் காதுவரை சுட்டது. ஒலிவாங்கியை வைக்கப் போன கை வைக்கவில்லை.

"கைதட்டாதீங்க."

ஒருவருக்கும் கேட்கவில்லை.

"கைதட்டாதீங்க எண்டு சொன்னன்!"

அடங்கியது.

"உம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தை மாதமே தெரியும். வாரக் கணக்கைப் பார்த்தால், மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பது பச்சையாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே நான் அதை மாதச் சராசரியாக மாற்றினேன். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றுதான் மாற்றினேன். நிலாவெளியில் அந்த ஆடு கண்ணில் படாமல் இருந்திருந்தால், இன்றைக்கு உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பேன்."

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். உம்மா நிமிர்ந்திருந்தார். இரண்டு தரம் தோற்று வந்தபோது பார்த்த பார்வை அல்ல இது. அந்தப் பார்வையில் மகளுக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது உம்மா அவளைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் விடவும் முடியாமல், அவளுடைய செருப்பைப் பார்த்தார்.

சின்னராசாவின் குரலில் இருந்த கனிவு போய்விட்டது. கையெழுத்துத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த வாரக் கணக்கை எண்ணினது உங்கட மாணவி. அவவுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது," என்றாள் நஸ்ரியா உடனே.

பின்னால் ஒரு கதிரை நகர்ந்தது. பிரசாந்தினி எழுந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"தெரியும் சேர்."

"உட்காருங்க பிரசாந்தினி," என்றாள் நஸ்ரியா.

அவள் உட்காரவில்லை. "தை மாசம் நான் டொக்டரிட்டக் கேட்டனான், ஏன் வாரக் கணக்கைப் போடேல்லை எண்டு. கட்டுரையில இடம் காணாது எண்டு சொன்னா. அது மறுமொழி இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது. பட்டம் வேணுமே சேர். விளங்காத மாதிரி இருந்திட்டன்."

"எண்ணினது நீங்கள். பிழை எண்டும் விளங்கியிருக்கு. பிறகும் வாய் திறக்காமல் இருக்க எங்கை பழகினீங்கள் பிள்ளை?"

பிரசாந்தினி நஸ்ரியாவைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நஸ்ரியாவால் தாங்கியிருக்க முடியும்.

"ஆறு வருசம் இவவிட்டத்தான் படிச்சனான் சேர்."

சின்னராசா பேனையின் மூடியைக் கழற்றினார். தாளின் வெற்றுப் பக்கத்தில் ‘விசாரணை’ என்று எழுதி, கீழே முதலில் நஸ்ரியாவின் பெயரை எழுதினார். சற்று யோசித்துவிட்டு, அதற்குக் கீழே பிரசாந்தினியின் பெயரையும் எழுதினார்.